மூன்று கேள்வி, நான்கு பதில்

ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்களிடம் முதலில் ஒன்று கேட்டுவிடுகிறேன். கறுப்புத் திரையில் ஒரு பேட்ச் பைல் ஓடிக்கொண்டிருக்கிறது. பாதியில் நின்று, 'தொடர ஏதாவது ஒரு கீயை அழுத்துங்கள்' என்கிறது. உங்கள் கை என்ன செய்யும்? என் கை இருபத்தெட்டு வருஷம் ஸ்பேஸ் பாரைத் தட்டியது. படித்துவிட்டுத் தட்டினாயா என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

இப்போது ஓய்வு பெற்றாயிற்று. பேச்சை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. அதனால் சொல்கிறேன்.

நான் கடைசியாக வேலை பார்த்தது புதுக்கோட்டை டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நான் ஒருவன்தான். வல்லத்திராக்கோட்டையிலிருந்து காலையில் மொபெட்டில் வந்து இறங்கியதும் டோக்கன் மிஷினில் பேப்பர் சிக்கியிருக்கும். அதை எடுத்து முடிப்பதற்குள் ஏதாவது ஒரு டாக்டருடைய செல்போன் என் மேஜைக்கு வந்திருக்கும். எக்ஸ்ரே ரூமில் மும்தாஜ் டெக்னீஷியன். ஆலங்குடி பஸ்ஸில் வந்து போகிறவர். என்னைவிட இருபது வயது இளையவர், ஆனால் கேள்வி கேட்பதில் எனக்குப் பெரியவர்.

எக்ஸ்ரே ரூம் கம்ப்யூட்டரில் இடம் குறைவு. அதனால் சனிக்கிழமைதோறும் மதியம், அந்த வாரத்துப் படங்களை ஒரு பேக்கப் டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் இதற்கென்று கட்டளைகளை வரிசையாக அடுக்கி ஒரு பேட்ச் பைல் எழுதி வைத்துவிட்டு மஸ்கட்டுக்குப் போய்விட்டார். அது ஓடும்போது நடுநடுவே நின்று நான்கு கேள்விகள் கேட்கும். ஆங்கிலத்தில்தான் கேட்கும், நான் நம் பாஷையில் சொல்கிறேன். டிஸ்க் மாட்டியாச்சா? இந்த வருஷத்து போல்டர் ஏற்கெனவே இருக்கிறது, அதிலேயே சேர்க்கவா? டிஸ்க்கில் இருக்கிற ஆகப் பழைய வருஷத்தை அழித்து இடம் பண்ணவா? கடைசியாக, எக்ஸ்ரே ரூம் கம்ப்யூட்டரில் இருப்பதைத் துடைத்துவிடவா?

ஆம் என்றால் Y, வேண்டாம் என்றால் N. பதில்கள் என்றைக்கும் மாறாது. Y, Y, N, Y. டிஸ்க்கில் நிறைய இடம் இருந்ததால் பழைய வருஷத்தை அழிக்கத் தேவையே வரவில்லை. மும்தாஜ்தான் இந்த நான்கையும் அழுத்திக்கொண்டிருந்தார். ஒரு நாள் என்னிடம் வந்து பொரிந்து தள்ளிவிட்டார்.

"சார், ஒரு பெரியவர நிக்க வச்சு, மூச்ச இழுத்துப் புடிங்கன்னு சொல்றேன். அதுக்குள்ள இங்கிட்டு கம்ப்யூட்டர் கேள்வி கேட்டு நிக்குது. ஓடியாந்து அமுத்திட்டுத் திரும்பிப் பாத்தா அவரு புடிச்ச மூச்ச விடாம செவந்துபோயி நிக்கிறாரு. எப்பவும் அதே பதிலுதானே? அத நீங்களே சொல்லி வச்சிரக் கூடாதா?"

நியாயமான கேள்வி. சொல்லி வைக்க வழிகளும் உண்டு. சில கட்டளைகளோடு ஒரு குறியைச் சேர்த்தால் அவை கேள்வியே கேட்காது. சிலவற்றுக்குக் கெடு வைக்கலாம்; பத்து விநாடிக்குள் யாரும் அழுத்தாவிட்டால் தானே ஒரு பதிலை எடுத்துக்கொள்ளும். இதற்கெல்லாம் அடுத்தவர் எழுதிய பைலைத் திறந்து, வரி வரியாகப் படித்து, எந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. சின்னதாக ஒரு டெக்ஸ்ட் பைல் திறந்தேன். நான்கு வரி. Y, Y, N, Y. பேட்ச் பைல் ஓடும்போது கீபோர்டைக் கேட்காமல் இந்தப் பைலிலிருந்து பதிலை எடுத்துக்கொள் என்று ஒற்றை அம்புக்குறியில் இணைத்துவிட்டேன். ஐந்து நிமிஷ வேலை.

மும்தாஜைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டினேன். கேள்விகள் வந்தன, பதில்கள் தாமாக விழுந்தன, திரை மூடிக்கொண்டது. ஏதோ ராக்கெட் விட்டவன் மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.

"நல்லாருக்கு சார். ஆனா ஒரு சந்தேகம். போன பொங்கலுக்கு முந்தி ஒரு சனிக்கிழம அது மூணு கேள்விதான் கேட்டுச்சு."

"நீங்க எண்ணுறதுல ஒண்ண விட்டிருப்பீங்கம்மா."

"எண்ணத் தெரியாமத்தான் தெனம் வெலா எலும்ப எண்ணிக்கிட்டு இருக்கேனா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அது ஒரு ஆவணி மாதம். வாரா வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. புது வருஷம் பிறந்து முதல் சனிக்கிழமை முடிந்த திங்களன்று மும்தாஜ் வந்து, "சார், இந்தத் தடவ என் மிஷினு காலியாகல. படமெல்லாம் அப்படியே கெடக்கு" என்றார். நான் பில்லிங் கவுண்டரில் ஒரு பிரிண்டரின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தேன். கேபிள் லூசாக இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டு, டிஸ்க்கில் அந்த வாரத்துப் படங்கள் வந்திருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தேன். வந்திருந்தன. எக்ஸ்ரே ரூம் கம்ப்யூட்டரைக் கையாலேயே துடைத்துவிட்டு வந்தேன். நாலு மாதமாகத் தவறாமல் நடந்த ஒன்று அன்றைக்கு மட்டும் ஏன் நடக்கவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த வாரம் மறுபடி ஒழுங்காக ஓடியது, நானும் மறந்துவிட்டேன்.

ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். நெஞ்சக டாக்டரம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே செலின் டீச்சர் உட்கார்ந்திருந்தார். ஆவூரில் அறிவியல் டீச்சர், நாற்பத்தைந்து வயதிருக்கும். விடாத இருமல் என்று வந்திருக்கிறார். எக்ஸ்ரே எடுத்து, பிறகு சி.டி. ஸ்கேனும் எடுத்தாயிற்று. வலது நுரையீரலின் கீழ்ப்பக்கம் சின்னதாக உருண்டையாய் ஒன்று தெரிந்தது.

"நாலு வருஷத்துக்கு முந்தி, பித்தப்பை ஆபரேஷனுக்கு முன்னால இங்கதான் நெஞ்சுப் படம் எடுத்திருக்காங்க. ரிப்போர்ட்ல ஒண்ணும் எழுதல. ஆனா எனக்குப் படத்தப் பாக்கணும்" என்றார் டாக்டரம்மா. "இது அப்பவே இருந்து, இதே அளவுல இருந்திருந்தா பயப்பட ஒண்ணுமில்ல. இல்லாம இருந்து புதுசா வந்திருந்தா, திருச்சிக்கு அனுப்பி நெஞ்சுல ஊசி விட்டுச் சதை எடுத்துப் பாக்கணும். எதுன்னு அந்தப் பழைய படந்தான் சொல்லும்."

டீச்சர் என்னைப் பார்த்து, "எம்மக இப்பத்தான் ப்ளஸ் டூவுக்குப் போயிருக்கா சார். அவகிட்ட இன்னும் ஒண்ணும் சொல்லல. கொஞ்சம் சீக்கிரம் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

ரெண்டு நிமிஷத்தில் எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். டிஸ்க்கைத் திறந்தேன். வருஷ வாரியாக போல்டர்கள் வரிசையாக இருந்தன. முதலாவதாக இருக்க வேண்டிய வருஷம் இல்லை. வரிசையே அடுத்த வருஷத்திலிருந்துதான் தொடங்கியது. வேறு பெயரில் இருக்குமோ என்று தேடினேன், வேறு போல்டருக்குள் தவறி விழுந்திருக்குமோ என்று தேடினேன். இல்லை.

நம் தொழிலில் இந்த மாதிரி நேரத்துக்கென்றே ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது. 'டிஸ்க் போயிடுச்சுங்க.' யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். டிஸ்க்கும் மறுத்துப் பேசாது. அந்த வாக்கியத்தை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டுதான் வராந்தாவுக்கு வந்தேன். டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் ஒரு கட்டு விடைத்தாளை வைத்து சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தார். தனக்கு என்ன வந்திருக்கிறது என்று தெரியாமல் காத்திருக்கும் நேரத்திலும் அடுத்தவர் பிள்ளை எழுதியதை ஒவ்வொரு வரியாகப் படித்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்த வாக்கியம் வரவில்லை.

"டீச்சர், படம் இருக்க வேண்டிய எடத்துல இல்ல. ஏன் இல்லன்னு எனக்கே இன்னும் தெரியல. தெரிஞ்சுக்கிட்டு வாரேன், செத்த இருங்க" என்றேன்.

"சரிங்க சார்" என்று மட்டும் சொன்னார். ஆனால் பேனா அப்புறம் நகரவில்லை.

உள்ளே போய் மும்தாஜிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "ஜனவரியில ஒருநா என் மிஷினு காலியாகலன்னு சொன்னேனே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா சார்?" என்று கேட்டார். இருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பேட்ச் பைலையும் என் பதில் பைலையும் வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, பொய்யாகச் சில போல்டர்கள் செய்து ஓட்டினேன். நான்கு கேள்வி, நான்கு பதில், எல்லாம் சரி.

"ஜனவரியில புது வருஷத்துக்கு போல்டரே இருந்திருக்காதே" என்றார் மும்தாஜ். "அத எடுத்துட்டு ஓட விடுங்க."

எடுத்துவிட்டு ஓட்டினேன். இந்த முறை திரையில் வந்ததை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். டிஸ்க் மாட்டியாச்சா? Y. அடுத்து, 'இந்த வருஷத்து போல்டர் ஏற்கெனவே இருக்கிறது' என்ற கேள்வி வரவில்லை. இல்லாத போல்டரைப் பற்றி அது ஏன் கேட்கப் போகிறது? சத்தமில்லாமல் புதிதாக ஒன்றைச் செய்துகொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. ஆகப் பழைய வருஷத்தை அழிக்கவா? என் பைலில் அடுத்த பதில் Y. அழித்தது. எக்ஸ்ரே ரூம் கம்ப்யூட்டரைத் துடைக்கவா? அடுத்த பதில் N. துடைக்கவில்லை. நான்காவது பதில் கேட்பாரில்லாமல் கிடந்தது.

மும்தாஜ் சொன்ன மூன்று கேள்வி, ஜனவரியில் காலியாகாத மிஷின், காணாமல் போன வருஷம், எல்லாம் ஒரே இடத்தில் வந்து பொருந்தின. உண்மையைச் சொல்கிறேன், கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வராந்தாவில் டீச்சர் உட்கார்ந்திருப்பது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அழிந்ததை மீட்கும் சாப்ட்வேர் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். ஐந்து மாதமாக வாரா வாரம் அதே இடத்தில் புதுப் படங்கள் எழுதப்பட்டிருந்தன. செலின் டீச்சர் பெயரில் ஒரு பைல் வந்தது. திறந்தால் மேலே கழுத்தெலும்பு தெரிந்தது, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

வெளியே போய் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். பைல், அம்புக்குறி என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே அவர் புரிந்துகொண்டுவிட்டார்.

"ஓ.எம்.ஆர். ஷீட்ல புள்ளைங்க பண்றதுதான் சார். நடுவுல ஒரு கேள்விய விட்டுட்டு, பதில மட்டும் வரிசையா கறுப்படிச்சுக்கிட்டே போகும். அதுக்கப்புறம் தெரிஞ்ச பதிலெல்லாம் தப்பாப் போயிரும்." அதைச் சொல்லும்போது டீச்சராகத்தான் பேசினார். பிறகு குரல் இறங்கியது. "அப்ப நான் திருச்சிக்குப் போகணுமா சார்?"

"என் தப்பு டீச்சர். என்னை மன்னிச்சிருங்க" என்றேன். மும்தாஜ் கதவருகே நின்றிருந்தார். "டீச்சர், அன்னிக்குக் கையில பெரிய கவர்ல பிலிம் குடுத்திருப்போமே, அது வீட்டுல இல்லையா?" என்று கேட்டார்.

டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, அத நான் வெட்டிட்டேனே!"

படம் எடுத்த அந்த வருஷக் கடைசியில் ஒரு சூரிய கிரகணம் வந்ததல்லவா? நம் பக்கம் நன்றாகத் தெரிந்தது. எக்ஸ்ரே பிலிம் வழியாகப் பார்க்கலாம் என்று யாரோ சொல்ல, டீச்சர் தன் படத்தைக் கத்தரிக்கோலால் துண்டு போட்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே கொடுத்திருக்கிறார். பிறகு, அப்படிப் பார்த்தால் கண் கெட்டுவிடும், கூடவே கூடாது என்று தெரிந்ததும் பதறிப்போய் அவற்றைத் திரும்ப வாங்கி அறிவியல் அறை பீரோவில் போட்டுப் பூட்டியிருக்கிறார்.

"பன்னெண்டு துண்டு. மூணு பேரு மட்டும் தரல" என்றார்.

"எந்தப் பக்கத்த வெட்டுனீங்க?" என்று கேட்டார் மும்தாஜ்.

"வெள்ளையா இருந்த நடுப்பகுதிய வீசிட்டேன். கறுப்பா இருந்தத மட்டுந்தான் வெட்டுனேன்."

மும்தாஜ் என்னைப் பார்த்த பார்வையில் வெளிச்சம் வந்துவிட்டது. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவது இருதயமும் முதுகெலும்பும். காற்று நிறைந்த நுரையீரல்தான் கறுப்பாகத் தெரியும். சூரியனைப் பார்க்க அவர் தேடி வெட்டியது முழுக்க நுரையீரல்.

மறுநாள் டீச்சர் ஒரு ஜாமெண்ட்ரி பாக்ஸோடு வந்தார். ஒன்பது துண்டுகள். டாக்டரம்மாவின் விளக்குப் பெட்டியில் அவற்றைப் பரப்பினோம். நான் இரண்டை முன்பின் மாற்றிப் புரட்டி வைத்தேன். மும்தாஜ் என் கையைத் தட்டிவிடாத குறைதான். பிலிமின் ஒரு பக்கம் பளபளக்கும், ஒரு பக்கம் மங்கலாக இருக்கும். அவர் விரலால் தடவியே எது மேல்பக்கம் என்று சொல்லிவிட்டார். பிறகு ஒவ்வொரு துண்டிலும் விலா எலும்பை எண்ணி, அஞ்சு, ஆறு, ஏழு என்று முணுமுணுத்தபடி பக்கத்தில் பக்கத்தில் சேர்த்தார். போன ஆவணியில் அவர் எண்ணிக்கையைக் கேலி செய்தவன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

இடது நுரையீரல் முழுதாகச் சேர்ந்தது. வலதில் மேல்பாதி சேர்ந்தது. கீழே காலி. டாக்டரம்மா விரல் வைத்துக் காட்டிய இடம் சரியாக அந்தக் காலியிடத்தில் இருந்தது.

டீச்சர் எழுந்து பையைத் தோளில் மாட்டினார். "எந்த மூணு பேரு தரலன்னு எனக்குத் தெரியும் சார். இப்ப மூணும் பத்தாவது படிக்குதுங்க. நாலு வருஷமாச்சேன்னு விட்ருவேனா?" என்றார்.

நடுவில் இரண்டு நாள். அதற்குள் நான் நடந்தது முழுவதையும் எழுதி நிர்வாகத்திடம் கொடுத்தேன். அந்த வருஷத்துப் படங்கள் யாருக்கும் இனிக் கிடைக்காது என்பதையும் எழுதினேன். தலைமை டாக்டர் வாங்கு வாங்கென்று வாங்கினார். வாங்கிக்கொண்டேன். டீச்சர் ஒருத்தர் மட்டும் வந்து கேட்டதால் அவருடையது தெரிந்தது. கேட்காத மற்றவர்களுடையது போனது போனதுதான். அதில் எத்தனை பேருக்கு என்றைக்கு என்ன தேவைப்படுமோ, அது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

மூன்றாம் நாள் டீச்சர் தினத்தாளில் சுற்றிய இரண்டு துண்டுகளோடு வந்தார். ஒன்று ஒரு வீட்டில் பாடப்புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு வைத்திருந்தது. இன்னொன்று ஜன்னலில் உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக ஒட்டியிருந்தது. மூன்றாவது கிடைக்கவே இல்லை. ஜன்னலில் இருந்த துண்டு வெயிலில் கொஞ்சம் பழுப்பேறியிருந்தது. மும்தாஜ் அதை ஈரப்பஞ்சால் துடைத்து, "ஏழு, எட்டு" என்று எண்ணிக் காலியிடத்தில் வைத்தார். இருபுறமும் எலும்புக் கோடுகள் போய்ச் சேர்ந்துகொண்டன.

டாக்டரம்மா பூதக்கண்ணாடியை எடுத்தார். பழைய துண்டைப் பார்த்தார், புதுப் படத்தைப் பார்த்தார். உருண்டையின் அகலத்தைப் பக்கத்து விலா எலும்பின் அகலத்தோடு இரண்டிலும் ஒப்பிட்டார். எனக்கு மூச்சை இழுத்துப் பிடித்த பெரியவரின் ஞாபகம் வந்தது. நானும் அப்படித்தான் நின்றிருந்தேன்.

"இருக்கு" என்றார். "அப்பவே இருந்திருக்கு. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. என்னைக்கோ வந்து ஆறுன புண்ணோட தழும்பு மாதிரிதான் தெரியுது. இருமலுக்கு மருந்து தாரேன். ஆறு மாசம் கழிச்சு ஒரு படம் எடுத்துப் பாப்போம். இப்ப ஊசியெல்லாம் வேணாம்."

டீச்சர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். மும்தாஜும் அழுதார். நான் விளக்குப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக மகளிடம் சொல்லிவிடப்போகிறேன் என்று டீச்சர் என்னிடம் சொன்னார், நான் ஏதோ கேட்டது போல.

அவர் போன பிறகு மும்தாஜ் பதினோரு துண்டுகளையும் செலோடேப் போட்டு ஒட்டி, விளக்குப் பெட்டியில் வைத்தபடியே படம் எடுத்துக் கொடுத்தார். நான் டிஸ்க்கில் காணாமல் போன அந்த வருஷத்தின் பெயரில் மறுபடி ஒரு போல்டர் செய்து, அந்த ஒற்றைப் படத்தை அதில் வைத்தேன். பதில் பைலைத் தூக்கி எறிந்தேன். முன்னவர் எழுதியதை இரண்டு நாள் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று பிரித்து, டிஸ்க் மாட்டியாச்சா என்பது போன்றவற்றை அதுவே பார்த்துக்கொள்ளும்படி மாற்றினேன். அழிப்பதைப் பற்றிய கேள்விகளை மட்டும், போல்டரில் எத்தனை படம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கேட்கும்படியும் கையால் அழுத்தும்படியும் விட்டேன். பேஷண்ட் யாரும் இல்லாத நேரத்தில்தான் ஓட வேண்டும் என்று நேரத்தையும் மாற்றினேன். ஆளை நிற்க வைத்துவிட்டு ஓடிவரும் வேலை அதோடு தீர்ந்தது.

அடுத்த ஜனவரியில், நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், முதல் சனிக்கிழமை, நானே எக்ஸ்ரே ரூமுக்குப் போய் மும்தாஜ் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். டிசம்பரில் செலின் டீச்சர் வந்து மறுபடி எடுத்த படத்திலும் அந்த உருண்டை அதே அளவில் இருந்ததாக மும்தாஜ் சொன்னார். பேட்ச் பைலை ஓட விட்டார். கறுப்புத் திரையில் வரிகள் ஓடி, நின்றன.

"கேக்குது சார். நீங்களே படிங்க."

படித்தேன். ஆகப் பழைய வருஷத்தின் போல்டரில் ஒரே ஒரு படம் இருக்கிறது. அழிக்கவா?

மும்தாஜ் N மேல் விரலை வைத்து, என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, நிதானமாக அழுத்தினார்.